முப்பத்தோராம் கட்டம்

திங்கட்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு எப்படி, வேலை எப்படி, மாப்பிள்ளைக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொண்டதா என்று கேட்பதையெல்லாம் இந்த முறை பின்னால் வைத்துக்கொள்கிறேன். முதலில் கேட்க ஆரம்பித்தால் அந்தச் சௌகரியத்திலேயே நாலு பக்கம் ஓடிவிடும், சொல்ல வந்தது நின்றுவிடும். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதமும் அப்படித்தான் ஆயிற்று. மூன்றிலும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மழை இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் வலி இருக்கிறது. விஷயம் மட்டும் இல்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கோந்து சாகவில்லை. இப்போது என் நாற்காலிக்கு அடியில், என் இடது கால் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கிறான். எழுதுவதை நான் நிறுத்தினால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறான்.

இந்த வரிகளை நீ இரண்டு முறை படிப்பாய் என்று தெரியும். படித்துவிட்டு வா.

போன வருஷம் நான் தொலைபேசியில் உன்னிடம் சொன்னது பொய். வயிற்றுக் கோளாறு என்றேன். கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார் என்றேன். விடியற்காலை ஐந்தே காலுக்கு உயிர் போயிற்று, எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன் என்றேன். இதில் எலுமிச்சை மரம் ஒன்றுதான் உண்மை. பேசும்போது முன்னுக்குப் பின் முரணாகிவிடக் கூடாது என்று நேரம், மருந்தின் பெயர், குழியின் ஆழம் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அப்பா துக்கத்தில் தடுமாறுகிறார் என்று நீ நினைத்தாய். நான் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்கள் புறப்பட்ட எழுபதாம் நாள், மேல்தொட்டியைக் கழுவ இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போட்ட மோட்டாரின் சத்தம் எனக்கே தாங்கவில்லை. முன் கேட்டின் கொண்டியை என் வழக்கப்படி மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். ஆனால் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் அவர்கள் குழாயை இழுத்து வந்திருந்தார்கள். அந்தக் கதவு திறந்து கிடப்பதை நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். குழாயை நகர்த்துங்கள், கதவைச் சாத்த வேண்டும் என்று சொன்னால் வேலையைக் கெடுக்கிறேன் என்று நினைப்பார்களோ என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கோந்து போய்விட்டான். ஆக, அவன் ஓடியது மோட்டார் சத்தத்தால் அல்ல. இரண்டு பேரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராததால்.

ஆறு மாதத்தில் அங்கே வீடு பார்த்து அவனையும் வரவழைத்துக்கொள்கிறோம், அதுவரை தாத்தாதான் பொறுப்பு என்று சின்னவள் என் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். எட்டு வயதுப் பேத்தி எனக்குக் கொடுத்த ஒரே பொறுப்பு அது. எழுபது நாள்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை.

தேடாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கே ஏழாம் எண் பேருந்து நிறுத்தத்துக்குத்தான் முதலில் ஓடினேன். நீயும் சின்னவளும் சாயங்காலம் அங்கேதான் இறங்குவீர்கள். அவனும் நானும் அங்கேதான் நிற்போம். அங்கே இல்லை. அப்புறம் நகர வரைபடத்தை மேஜைமேல் விரித்து நாற்பத்தெட்டுக் கட்டங்களாகப் பிரித்தேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் வரைபடம் வரைந்தவனுக்கு, நாயைத் தேடவும் வேறு வழி தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கட்டம், கால் வலி இல்லாத நாளில் இரண்டு. பார்த்து முடித்ததும் கட்டத்தின் மூலையில் சிவப்பு மையில் ஒரு குறி. குறி போட்ட கட்டத்துக்கு மறுபடி போவதில்லை. நாற்பத்திரண்டு நாளில் முடித்தேன்.

‘காணவில்லை’ என்று ஐம்பது அறிவிப்பும் அச்சடித்தேன். ஒட்டியது ஏழுதான். ஒட்டும்போது யாராவது பார்த்தால், பசை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்பவன்போல நின்றுவிடுவேன். ஒரு தடவை உண்மையாகவே பேருந்து வந்து நின்று, நடத்துனர் கூப்பிட, மறுக்கத் தெரியாமல் ஏறி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

இப்போது முப்பத்தோராம் கட்டம். ஏழாம் எண் பேருந்து போய்ச் சேரும் டிப்போ அந்தக் கட்டத்தில்தான் வருகிறது. உயரமான இரும்புக் கேட். அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று பலகை. உள்ளே நாலைந்து பேர் கத்திப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி என்னைப் பார்த்து, என்ன வேணும் பெரியவரே என்றார். என் நாய் இங்கே வந்ததா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே சிரிப்பவர்கள் காதில் இது விழுமே என்று தோன்றியது. வாயில் வந்தது, மணி என்ன ஆச்சு என்பது. அவர் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, குறிப்பேட்டில் ‘31: பார்த்தாயிற்று, இல்லை’ என்று எழுதிச் சிவப்புக் குறி போட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். நிலத்துக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்தபடி அளவுகளை எழுதி நிரப்பிவிடுவார். நிலம் என்ன எழுந்து நடக்கவா போகிறது, போன வருஷத்து அளவையே எழுதினால் போச்சு என்பார். அந்த ஒரு காரணத்துக்காக இருபது வருஷம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நான் செய்ததும் அதேதான். அவர் அளக்காமல் விட்டது நிலம். நான் விட்டது ஓடக்கூடிய நாய்.

நாற்பத்தெட்டும் முடிந்த மறுநாள்தான் உன் அழைப்பு வந்தது. அதுவரை தூங்குகிறான், குளித்துவிட்டு வெயிலில் கிடக்கிறான் என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். அன்று சின்னவள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றாள். காணவில்லை என்று சொன்னால் வாராவாரம் கிடைத்தானா என்று கேட்பாள், வாராவாரம் அழுவாள். செத்துப்போனான் என்றால் ஒரே முறை அழுது தீர்த்துவிடுவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். குழந்தைக்காகத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் நம்பினேன். அதுவும் சரியில்லை. காணவில்லை என்றால், கதவை யார் திறந்து வைத்தது என்று நீ கேட்பாய். செத்துப்போனான் என்றால் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

இதற்குமேல் எழுதுவது எனக்குச் சிரமம். ஆனாலும் எழுதாமல் போனால் இந்தக் கடிதத்தையும் கிழிக்க வேண்டியதாகிவிடும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உனக்குப் பள்ளி இறுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா எப்படி இருக்காங்க என்பாய். தேறி வருகிறாள் என்பேன். பார்க்கணும் என்றாய். கடைசித் தேர்வு முடியட்டும் என்றேன். மருத்துவர் எனக்கு உள்ளதைச் சொல்லி எட்டு நாள் ஆகியிருந்தது. நாலாவது தேர்வுக்கும் ஐந்தாவது தேர்வுக்கும் நடுவில் அவள் போய்விட்டாள். வந்தவர்களெல்லாம் போன பிறகு, நீ சமையலறை வாசலில் நின்று, சத்தம் போடாமல், “இனிமே எதுவா இருந்தாலும் உள்ளதை உள்ளபடி என்கிட்ட சொல்லுங்கப்பா. நல்லதா மாத்திச் சொல்லாதீங்க” என்றாய். நான் தலையாட்டினேன். அப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் எதுவும் கேட்டு வாங்கியதில்லை, ஒரு நல்ல துணிகூட. கேட்டது அது ஒன்றுதான். அதையும் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் படித்து மீறினேன்.

சின்னவள் வரைந்து அனுப்பிய படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. எலுமிச்சை மரம், அதன் கீழே மண்மேடு, மேட்டின்மேல் ஒரு பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோந்துவுக்கு ஒரு பிஸ்கட் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். வைத்தேன். அடியில் ஒன்றும் இல்லாத மண்ணில் முப்பத்தேழு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் வைத்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எறும்புகளுக்கு நான் நல்லவன். பொய்யைச் சொல்லிவிட்டேன், அதற்குள் இருக்கும் வாக்கையாவது காப்பாற்றலாம் என்று ஒரு நினைப்பு. இது எந்த வகை நேர்மை என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, கிடைத்த கதை.

பதின்மூன்று நாளுக்கு முன், செவ்வாய்க்கிழமை, கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு என்பாய். அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இடது கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது. குறைந்த பார்வை திரும்பாது, இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். மூன்று வேளை சொட்டு மருந்து. வலி இல்லை. படிக்கிறேன், எழுதுகிறேன், இந்தக் கடிதத்தில் வரி கோணினால் காரணம் அதுதான்.

அன்று பரிசோதனைக்காகக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். வெளியே வந்தால் உலகமே தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று நர்ஸ் கேட்டபோது, வெளியே நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான். இந்தக் கடிதம் எழுதும்போதுதான் எத்தனை என்று தெரிகிறது. ஏழாம் எண் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். எந்த நிறுத்தம் என்று பலகை படிக்க முடியவில்லை. நடத்துனர் ஒரு பெண், அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கலாமா என்று யோசித்ததில் என் நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததிலாவது இறங்கலாம் என்றால் அது எது என்று தெரியவில்லை. இப்படியே ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் பேருந்து ஒரு திருப்பம் திரும்பி நின்று, இன்ஜின் அணைந்தது. நடத்துனர் என் பக்கத்தில் வந்து, “பெரியவரே, டிப்போ வந்தாச்சு. நீங்க மட்டும்தான் மிச்சம்” என்றாள்.

ஆக, பத்து மாதத்துக்கு முன் கேட்டில் நின்று உள்ளே போகப் பயந்தவனை, பேருந்து தானே உள்ளே கொண்டுபோய்விட்டது.

அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டில் இறக்கிவிட்டாள். கீழ்ப்படியில் கால் வைத்தபோது, பழுப்பாக ஏதோ ஒன்று வந்து நின்றது. எனக்கு உருவம் தெரியவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. தரையில் கால் வைத்தேன். அது என் செருப்பை முகர்ந்தது. அப்புறம் தாடையை என் இடது காலின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. வாலாட்டவில்லை, குரைக்கவில்லை. தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. நடத்துனர், அடடா செக்கருக்கு இன்னிக்கு ஆள் மாட்டிக்கிச்சு என்று சிரித்தாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட நினைத்தேன். வேறு நாயாக இருந்தால் இத்தனை பேர் நடுவில் என்ன நினைப்பார்கள் என்று, மெதுவாக, என் காதுக்கே கேட்காத மாதிரி, கோந்து என்றேன். அதன் பிறகு நான் கீழே உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. வேட்டியெல்லாம் டீசல்.

ஏன் செக்கர் என்று பெயர் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். டயர் பிரிவில் வேலை பார்ப்பவர் ஒருவர்; அவர்தான் பத்து மாதமும் அவனுக்குச் சோறு போட்டவர். அவர் சொன்னார். அவன் வந்த அன்று, ஏழாம் எண் பேருந்தின் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான், காலில் ரத்தம். நம் நிறுத்தத்திலிருந்து டிப்போ ஆறு கிலோமீட்டர். காயம் ஆறும்வரை கட்டிப்போட்டிருந்தார்கள். அவிழ்த்துவிட்ட நாள் முதல் எந்தப் பேருந்து உள்ளே வந்தாலும் எழுந்து போய்ப் படிக்கட்டுக்கு நேராக நிற்பானாம். டிப்போவில் பயணிகள் இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் டயர்களுக்கு நடுவில் படுத்துக்கொள்வானாம். அடுத்த பேருந்து வந்தால் மறுபடியும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. டிக்கெட் பரிசோதகர் மாதிரி ஒரு வண்டி விடாமல் பார்க்கிறான் என்று செக்கர் ஆகிவிட்டான். ஓட்டுநர்கள் இறங்கும்போது, டிக்கெட்டை எடுத்து வையுங்கப்பா, ஐயா நிக்கிறாரு என்று கேலி செய்வார்களாம்.

நான் பொய் சொன்ன அன்று சின்னவள் அழுது முடித்து என்னிடம் ஒன்று கேட்டாள், உனக்கு நினைவிருக்கிறதா. கோந்து கடைசியில் என்னைத் தேடினானா தாத்தா என்று. இல்லைம்மா, நிம்மதியாகத் தூங்கினான் என்றேன். அவன் தேடினான். தினமும், ஒவ்வொரு பேருந்திலும் தேடினான். அவளுக்குச் சேர வேண்டிய அந்தச் செய்தியை நான் பத்து மாதம் மறித்து வைத்திருந்தேன்.

காவலாளியும் வந்து பார்த்தார். அவருக்கு என்னை நினைவிருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையில வாட்சைக் கட்டிக்கிட்டு மணி கேட்டுட்டுப் போனீங்களே, அந்தப் பெரியவர்தானே என்றார். அன்றைக்கு வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாராம். நான் எதற்காக வந்தேன் என்பதை அப்போதுதான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டயர்க்காரர் மட்டும், “நீங்க மணி கேட்ட அன்னிக்கு இவன் உள்ளதான் கட்டிக் கிடந்தான் ஐயா” என்றார். கண் தெளிந்த பிறகு மறுநாள் போய் அளந்தேன். கேட்டிலிருந்து அந்த இடம் ஐம்பத்தெட்டு காலடி.

அவனை அழைத்துப் போகலாமா என்று கேட்கவும் எனக்குத் தயக்கம். பத்து மாதம் வளர்த்தவர் அவர், தொலைத்தவன் நான். யாருக்கு உரிமை என்று அவரே முடிவு செய்யட்டும் என்று அவரிடமே சொன்னேன். அவர் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, “கூட்டிட்டுப் போங்க. அவன் எங்க மூஞ்சியை என்னிக்குப் பார்த்தான்? படிக்கட்டைத்தானே பார்த்தான்” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனவர், அவன் படுத்துக்கொள்ளும் சாக்கை மடித்து எடுத்து வந்து கொடுத்தார்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். அழைத்து வந்த பிறகும் சந்தேகம். கண் மங்கலில் வேறு நாயை அழைத்து வந்துவிட்டேனோ என்று மறுநாள் காலை தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். இடது காது நுனியில் வெட்டு, உண்டு. வலது முன்கால் மூன்றாம் விரலில் வெள்ளை முடி, உண்டு. வயிற்றில் தையல் தழும்பு, உண்டு. எடை மட்டும் இரண்டரைக் கிலோ கூடுதல். டிப்போ கேன்டீன்காரர் தாராள மனசுக்காரர் போலிருக்கிறது. எடை பொருந்தவில்லையே என்று நான் மறுபடி காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் என் கையை உதறிவிட்டுச் சின்னவளின் அறைக்குப் போனான். கட்டிலுக்கு அடியில் அவள் விட்டுப்போன பழைய பள்ளிக்கூட ஷூவில் ஒன்றை இழுத்து வந்தான். கடிக்கவில்லை. முன்கால்கள் நடுவில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். அட்டையை மூடி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழக்க தோஷத்தில் மரத்தடியில் பிஸ்கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தால், தன் சமாதியில் தனக்கு வைத்த பிஸ்கட்டை அவனே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றார்.

அன்று மாலையே நீ கூப்பிட்டாய். அவனைப் பின்னறையில் போட்டுச் சாத்திவிட்டுப் பேசினேன். நேற்று ஞாயிறும் அப்படித்தான். நடுவில் அவன் ஒரு தரம் குரைத்தான். அங்கே என்னப்பா நாய் என்றாய். தெருநாய் என்றேன். ஏதோ சொல்ல வந்த சின்னவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இனி இன்னொரு ஞாயிறு இப்படிப் போகக் கூடாது என்றுதான் இன்று காலை முதல் வேலையாக உட்கார்ந்தேன். தொலைபேசியில் சொல்ல என் நாக்கை நம்ப முடியவில்லை. மணி என்ன என்று உன்னிடமும் கேட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு அவனை டிப்போவுக்கு அழைத்துப் போவது என்று டயர்க்காரரோடு பேசி வைத்திருக்கிறேன். ஒரு தடவை போயும் வந்தோம். கேட்டிலேயே வாட்ச் ஐயா வந்துட்டார் என்று கத்துகிறார்கள். டீ கொடுத்தார்கள். குடித்தேன். அவன் பேருந்துகளைப் பார்க்கப் போகவில்லை, என் பக்கத்திலேயே இருந்தான். அதற்குள் வந்த ஆறு வண்டியில் ஒன்றுக்குக்கூட எழவில்லை என்று டயர்க்காரர் எண்ணிச் சொன்னார்.

உறையில் ஒரு படம் வைத்திருக்கிறேன். பழைய படம் என்று நீ சந்தேகப்பட்டால் அது நியாயம்தான்; அதனால் அன்றைய செய்தித்தாளை அவன் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். எடுத்துக் கொடுத்தவள் அந்த நடத்துனர். ஆளைக் கடத்துகிறவர்கள்தான் இப்படிப் படம் அனுப்புவார்கள், தாத்தா எவ்வளவு கேட்கப் போறீங்க என்றாள்.

நான் கேட்பது ஒன்று உண்டு.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் கோபம் கொஞ்சம் தணிந்ததும் சின்னவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பாய். அப்போது என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். உன் சுபாவம் அது. தாத்தாவுக்குக் கண் சரியில்லை, செத்துக் கிடந்த வேறொரு நாயைப் பார்த்துக் கோந்து என்று நினைத்துவிட்டார் என்று சொல்லலாம் என்று தோன்றும். நன்றாகப் பொருந்தும். அவளும் நம்பிவிடுவாள், என்மேல் பாவமும் படுவாள்.

அப்படிச் சொல்லாதே அம்மா. தாத்தா பொய் சொன்னார் என்றே சொல். கதவைச் சாத்தாமல் விட்டது தாத்தா, தேடாத இடத்தைத் தேடினேன் என்று எழுதியது தாத்தா, பயந்துகொண்டு பொய் சொன்னதும் தாத்தா. இந்த வார்த்தைகளை மாற்றாமல் சொல். நல்லதாக மாற்றிச் சொல்வது என்னோடு நிற்கட்டும். உன் வாயிலிருந்து அவளுக்குப் போக வேண்டாம்.

அதன் பிறகு அவள் என்னோடு பேச மாட்டேன் என்றால், வற்புறுத்தாதே. எத்தனை மாதம் ஆனாலும் சரி. கடிதம் உனக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு முன் வரும் ஞாயிறு அழைக்க வேண்டாம் என்று உனக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பிவிடுகிறேன். காரணம் கடிதத்தில் என்று மட்டும் எழுதுவேன். அதற்கு அடுத்த ஞாயிறு உங்கள் வழக்கமான நேரத்துக்குக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். அழைப்பு வந்தால், கைபேசியை அவன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன். அவள் அவனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், பேசலாம். நான் படத்தில் வர மாட்டேன், குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். படம் ஆடினால் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல். நெடுநேரம் பிடித்தால் கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உன்
அப்பா